சர் ஆர்னால்ட் வில்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈராக்கின் வரலாற்றையோ, பாரசீக (இன்றைய ஈரான்) எண்ணெயின் கதையையோ, பிரிட்டனில் ஏழைகளின் காப்பீட்டுச் சீர்திருத்தத்தையோ படித்துக்கொண்டு போனால் ஒரே பெயர் மூன்று இடங்களிலும் வந்து நிற்கும். மூன்றும் ஒரே ஆள்தானா என்று பலர் கேட்கிறார்கள். ஆம், ஒரே ஆள்தான். அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே இருக்கின்றன.

யார் இந்த ஆர்னால்ட் வில்சன்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஆர்னால்ட் டால்பட் வில்சன் 1884 ஜூலை 18 அன்று பிறந்தவர். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். தென்மேற்குப் பாரசீகத்தில் எண்ணெய் பீறிட்ட நேரத்தில் அங்கே காவலுக்கு நின்றவர் அவர். முதல் உலகப்போர் முடிந்தபோது ஈராக்கின் தற்காலிக ஆட்சித் தலைவராக இருந்தார். அப்புறம் ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனியில் பத்தாண்டுக்கு மேல் மேலாளர். 1933-இலிருந்து இறக்கும்வரை ஹிட்சின் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி., அதுவும் பின்வரிசை உறுப்பினர். 1940-இல், 55 வயதில், குண்டுவீச்சு விமானத்தின் பீரங்கியாளராகப் பறந்து பிரான்ஸின் டன்கர்க் அருகே இறந்தார்.

அப்பா ஜேம்ஸ் மாரிஸ் வில்சன், பிரிஸ்டலில் உள்ள கிளிஃப்டன் கல்லூரியின் தலைமை ஆசிரியர், பாதிரியார். மகனும் அதே பள்ளியில்தான் படித்தார். இங்கிலாந்தில் நன்கு அறியப்பட்ட பாடகர் ஸ்டூவர்ட் வில்சன் இவருடைய தம்பி. வீட்டில் ஒருவருக்காவது நல்ல குரல் வாய்த்தது. அண்ணனின் குரல் உத்தரவு போடுவதற்கென்றே அமைந்தது.

பின்வரிசை உறுப்பினர் என்றால் என்ன? பதவி எதுவும் கிடையாதா?

கிடையாது. பிரிட்டிஷ் மக்களவையில் முன்வரிசை பெஞ்சுகளில் அமைச்சர்களும், எதிர்ப்பக்கம் எதிர்க்கட்சித் தலைவர்களும் உட்காருவார்கள். அவர்களுக்குப் பின்னால் உட்காரும் மற்ற எல்லோரும் பின்வரிசை. இலாகா கிடையாது, கோப்பு கிடையாது. கேள்வி கேட்கலாம், பேசலாம், குழுக்களில் உட்காரலாம், ஓட்டுப் போடலாம். வில்சன் காலத்தில் எம்.பி. சம்பளம் ஆண்டுக்கு 400 பவுண்டு. 1937-இல்தான் 600 ஆனது. ஒரு காலத்தில் மூன்று மாகாணங்களை ஆண்டவருக்கு இது பெரிய இறக்கம். ஆனால் அவர் உருப்படியாகச் செய்த வேலையில் பெரும்பகுதி இந்தப் பின்வரிசையில் இருந்தபோது செய்தது என்பதே என் கருத்து. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்திய ராணுவத்துக்காரர் பாரசீகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் முதலிடம் பிடித்து, அரசரின் தங்கப் பதக்கத்தோடும் கௌரவ வாளோடும் வெளியே வந்தவர் வில்சன். 1904-இல் 32-ஆவது சீக்கியப் பயனியர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். பயனியர்ஸ் என்றால் துப்பாக்கியோடு மண்வெட்டியும் பிடிக்கிற படை.

1907 கடைசியில் அவரை ஒரு சிறு குதிரைப்படைப் பிரிவோடு தென்மேற்குப் பாரசீகத்துக்கு அனுப்பினார்கள். வில்லியம் டார்சி என்பவர் வாங்கியிருந்த உரிமத்தின் பேரில் அங்கே எண்ணெய் தேடிக்கொண்டிருந்தார்கள். பக்தியாரி மலைவாசிகள் நிறைந்த பகுதி அது. துளைபோடுகிறவர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் தகராறு வராமல் பார்த்துக்கொள்ள காவல் தேவைப்பட்டது. அந்தக் காவலுக்குத்தான் 23 வயது லெப்டினென்ட் வில்சன் போனார்.

எண்ணெய் கிடைத்த செய்தியை பைபிள் வசனமாகத் தந்தி அடித்தாராமே, உண்மையா?

உண்மை. மஸ்ஜித்-இ-சுலைமான் என்ற இடத்தில் ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்ற பொறியாளர் துளைபோட்டுக்கொண்டிருந்தார். பணம் போட்டிருந்தது கிளாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட பர்மா ஆயில் கம்பெனி. ஆண்டுக்கணக்கில் செலவழித்தும் ஒன்றும் வரவில்லை. பொறுமையிழந்த கம்பெனி, 1,600 அடி வரைக்கும் பார், இல்லையென்றால் மூட்டை கட்டு என்று 1908 மே மாதத்தில் கடிதம் எழுதிவிட்டது. ரெனால்ட்ஸ் பிடிவாதக்காரர். கடிதம் கையில் வந்து சேரட்டும் என்று வேலையை நிறுத்தாமல் நடத்தினார்.

மே 26, விடியற்காலை நான்கு மணி. சுமார் 1,180 அடி ஆழத்தில் எண்ணெய் பீறிட்டது. துளைக்கோபுரத்துக்கும் மேலே ஏறிக் கொட்டியது. வெயில் காலம் என்பதால் வில்சன் கூடாரத்துக்கு வெளியேதான் படுத்திருந்தார். சத்தம் கேட்டு ஓடினார்.

இந்தச் செய்தியைத் தன் மேலதிகாரி லாரிமருக்குச் சொல்ல வேண்டும். தந்தி போகிற வழியெல்லாம் கண்கள் இருக்கும். சங்கேதப் புத்தகம் கைவசம் இல்லை. பாதிரியார் மகன் அல்லவா, சங்கீதம் 104-இன் 15-ஆம் வசனத்தையும் 114-இன் 8-ஆம் வசனத்தையும் பார்க்கவும் என்று அனுப்பிவிட்டார். முதல் வசனத்தில் மனிதனுக்கு முகக்களை தரும் எண்ணெய் வருகிறது. இரண்டாவதில் கற்பாறை ஊற்றாக மாறுகிறது. பைபிள் இருந்த வீட்டில் அதைவிடத் தெளிவான தந்தி வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனி லண்டனில் உருவானது. பிற்காலத்தில் பி.பி. என்று உலகம் அறிந்த கம்பெனியின் ஆரம்பம் அதுதான். 1914-இல் பிரிட்டிஷ் அரசே அதில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. காவல்காரராக வந்த இளைஞர் பிற்பாடு அந்தக் கம்பெனியின் மேலாளர் ஆனார்.

கப்பலில் கரி அள்ளிக்கொண்டே ஊருக்குப் போனார் என்கிறார்களே?

அதுவும் நடந்ததுதான். விடுப்பில் இங்கிலாந்து போகும்போது பயணச்சீட்டு வாங்காமல், கப்பலின் கொதிகலன் அறையில் கரி தள்ளும் ஆளாக மார்செய் துறைமுகம்வரை வேலை செய்துகொண்டு போனார். அங்கிருந்து சைக்கிள். செங்கடல் வழியாகப் போகும் நீராவிக் கப்பலின் கொதிகலன் அறை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதில் வேலை பார்த்தவர்கள் பலர் மயங்கி விழுவார்கள். ஓர் அதிகாரி அதை விருப்பப்பட்டுச் செய்தார்.

உடம்பை வருத்துவதில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது. அபாரமான பலசாலி, வேலைப்பளுவுக்கு எல்லை கிடையாது. இப்படிப்பட்டவர்களிடம் ஒரு சிக்கல் உண்டு: தன்னால் முடிந்தது எல்லோராலும் முடியும் என்று நினைப்பார்கள். தான் சரியென்று கண்டதற்கு இன்னொருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அவருக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஈராக்கில் அதுதான் நடந்தது.

34 வயதில் ஒரு நாட்டை ஆளும் பொறுப்பு எப்படி வந்தது?

படிப்படியாக வந்தது. 1909 முதல் 1911 வரை முகமராவில் தூதரகப் பொறுப்பு. இன்று கொர்ரம்ஷார் என்று வழங்கும் துறைமுகம் அது. பிறகு துருக்கி–பாரசீக எல்லையை அளந்து தூண் நடும் ஆணையத்தில் வேலை. வளைகுடா முனையிலிருந்து அராரத் மலைவரை நடந்தும் குதிரையிலும் போன அந்த ஆணையம், உலகப்போர் வெடித்த நேரத்தில்தான் வேலையை முடித்தது.

1914 நவம்பரில் பிரிட்டிஷ் இந்தியப் படை ஃபாவ் முனையில் இறங்கி, அன்று துருக்கியர் ஆட்சியில் இருந்த பஸ்ராவைப் பிடித்தது. தலைமை அரசியல் அதிகாரி சர் பெர்சி காக்ஸ். அவருக்குத் துணையாக வில்சன் வந்தார். கூட் நகரில் துருக்கியரிடம் படுதோல்வி, பிறகு 1917 மார்ச்சில் பாக்தாத்தைப் பிடித்தது என்று போர் நகர நகர, பிடித்த இடங்களை நிர்வகிக்கும் வேலையும் பெருத்துக்கொண்டே போனது. 1918-இல் காக்ஸ் டெஹ்ரானுக்கு மாற்றப்பட்டார். நாற்காலி காலி. அடுத்த ஆள் வில்சன். தற்காலிக ஏற்பாடு என்றார்கள். இரண்டு ஆண்டு நீடித்தது.

அந்த இரண்டு ஆண்டில் என்ன செய்தார்?

பஸ்ரா, பாக்தாத் மாகாணங்களோடு மோசுலையும் சேர்த்து ஒரே நாடாக்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார். இன்றைய ஈராக்கின் வடிவத்தில் அந்தப் பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குர்துகள் மலைப்பகுதியிலும், ஷியாக்கள் தெற்கிலும், சுன்னிகள் நடுவிலும் இருக்கும் நிலப்பரப்பை ஒன்றாகக் கட்டியதன் விளைவுகள் இன்றுவரை அந்த நாட்டைப் படுத்துகின்றன என்று சொல்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவது அதிகம்தான். ஆனால் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்று தந்திமேல் தந்தியாக அடித்தவர் அவர்.

1918 நவம்பரில் பிரிட்டனும் பிரான்ஸும் கூட்டாக ஓர் அறிக்கை விட்டன. துருக்கியரிடமிருந்து விடுபட்ட மக்கள் தங்கள் அரசைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள் என்பது அதன் சாரம். வில்சனுக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது. மக்கள் கருத்தைக் கேள் என்று லண்டன் சொன்னபோது, மூன்று கேள்விகளை நாடு முழுக்க அனுப்பினார். பிரிட்டிஷ் பாதுகாப்பில் ஒரே அரபு நாடு வேண்டுமா, அதற்கு ஓர் அரபுத் தலைவர் வேண்டுமா, வேண்டுமென்றால் யார் என்பவை அந்தக் கேள்விகள்.

கேள்விகளில் பெரிய குறையில்லை. கேட்ட விதத்தில்தான் சூட்சுமம். நமக்குச் சாதகமான பதில் வரும் என்று தெரிந்த இடத்தில் கூட்டம் போடுங்கள், சந்தேகமாக இருந்தால் என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான் அதிகாரிகளுக்கு அவர் சொன்னதன் பொருள். ஷேக்குகளும் நகரப் பெரியவர்களும் மனுக்களில் கையெழுத்துப் போட்டார்கள். மக்கள் பிரிட்டிஷ் ஆட்சியையே விரும்புகிறார்கள் என்று லண்டனுக்கு அறிக்கை போனது. தேர்தல் நாளில் ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் கணக்கு முடிவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1920 கிளர்ச்சிக்கு அவர்தான் காரணமா?

ஒரே காரணம் அவர் என்று சொல்ல முடியாது. முக்கியக் காரணங்களில் ஒன்று அவர் நடத்திய ஆட்சி.

1920 ஏப்ரலில் சான் ரெமோ மாநாட்டில் ஈராக்கை பிரிட்டனின் பொறுப்பில் விட முடிவானது. சுதந்திரம் என்று சொல்லிவிட்டு இதென்ன என்று பாக்தாத் கொதித்தது. அந்த ரமலான் மாதத்தில் சுன்னிகளும் ஷியாக்களும் ஒருவர் பள்ளிவாசலுக்கு ஒருவர் போய்ச் சேர்ந்து தொழுதார்கள், சேர்ந்தே அரசியல் பேசினார்கள். கர்பலாவின் மூத்த ஷியா மார்க்க அறிஞர்கள் எதிர்ப்புக்கு ஆதரவு தந்தார்கள். நாட்டுப்புறத்தில் வரிவசூல் கறாராக நடந்தது. துருக்கியர் காலத்தில் பாதி வரி ஏட்டிலேயே நின்றுவிடும். இந்த இளம் அதிகாரிகளோ ஒரு காசு விடாமல் வசூலித்தார்கள். நிர்வாகம் திறமையாக இருந்ததே மக்களுக்குச் சுமையாகிப் போனது.

ஜூன் 30 அன்று ருமைதா என்ற ஊரில், விவசாயக் கடன் பாக்கிக்காக ஷாலான் அபுல்-ஜூன் என்ற ஷேக்கைப் பிடித்து அடைத்தார்கள். அவருடைய ஆட்கள் வந்து சிறையிலிருந்து மீட்டுக்கொண்டு போனார்கள். அங்கே பிடித்த தீ யூப்ரடீஸ் கரையெங்கும் பரவியது. படை வரவழைத்து, விமானத்திலிருந்து குண்டு வீசி, ஊர்களைக் கொளுத்தித்தான் அடக்க முடிந்தது. ஈராக்கியர் தரப்பில் இறந்தவர்களும் காயமடைந்தவர்களுமாக எட்டாயிரத்துக்கும் மேல் என்பது பிரிட்டிஷ் தளபதி ஹால்டேனின் கணக்கு. பிரிட்டிஷ் இந்தியப் படையில் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிரிட்டனுக்குச் செலவு சுமார் 4 கோடி பவுண்டு.

லாரன்ஸ் ஆஃப் அரேபியா என்று அறியப்பட்ட டி.இ. லாரன்ஸ் ஆகஸ்டில் லண்டன் பத்திரிகையில் இந்த ஆட்சியைக் கிழித்து எழுதினார். அக்டோபரில் காக்ஸ் திரும்பி வந்தார். வில்சன் சர் பட்டத்தோடு வெளியேறினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஃபைசல் என்ற அரபு இளவரசர் ஈராக்கின் மன்னராக முடிசூட்டிக்கொண்டார். அரபுத் தலைவரே வேண்டாம் என்று வில்சன் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்ததற்கு அதுதான் முடிவு.

கெர்ட்ரூட் பெல்லுக்கும் அவருக்கும் என்ன சண்டை?

பாலைவனப் பயணி, தொல்லியல் அறிஞர், அரபி நன்றாகத் தெரிந்தவர், வில்சனைவிட 16 வயது மூத்தவர் பெல். வில்சனுக்குக் கீழே கீழ்த்திசைச் செயலராக இருந்தார். முதலில் இருவருமே நேரடி பிரிட்டிஷ் ஆட்சி வேண்டும் என்ற கட்சி. 1919-இல் பெல் மனம் மாறினார். அரபு அரசைத் தவிர்க்க முடியாது என்று கண்டுகொண்டார். வில்சன் மாறவில்லை. தன் கருத்துக்கு மாறாக லண்டனில் இருக்கும் நண்பர்களுக்கெல்லாம் அவர் கடிதம் எழுதுகிறார் என்பது வில்சனின் கோபம். ஊர் பற்றி எரிந்தும் கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்பது பெல்லின் கோபம். கடைசியில் ஒரே அலுவலகத்தில் முகம் கொடுத்துப் பேசாத நிலை வந்தது. கருத்தில் பெல் சரி. அலுவலக ஒழுங்கு என்று பார்த்தால் வில்சனின் புகாரிலும் நியாயம் இருந்தது.

இந்தக் கதையில் இந்தியாவுக்கு என்ன இடம்?

பெரிய இடம். ஈராக்கைப் பிடித்த படையில் பெரும்பாலானோர் இந்தியர்கள். மதராஸ் சாப்பர்ஸ் வீரர்களும் அந்தப் போர்முனையில் பாலமும் சாலையும் போட்டார்கள். நிர்வாக அலுவலகங்களில் இந்தியக் குமாஸ்தாக்கள், இந்தியச் சட்டங்களைப் பார்த்து எழுதிய சட்டத் தொகுப்பு, கையில் புழங்கியது இந்திய ரூபாய். 1932-இல் தினார் வரும்வரை ஈராக்கில் ரூபாய்தான் ஓடியது.

போர் தொடங்கிய 1914-லேயே வில்சன் ஒரு கடிதத்தில் தன் ஆசையை எழுதினார்: மெசபொட்டேமியாவை, அதாவது ஈராக்கை, இந்தியாவோடு இணைத்து, பஞ்சாபிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றி, பாலைவனத்தை விளைநிலமாக்க வேண்டும் என்று. அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கேள்வி அதில் இல்லை. இந்தியர்களைக் கேட்டார்களா என்றால் அதுவும் இல்லை.

பாரசீகத்தில் ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனி நடத்திய அபாடான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் இந்தியத் தொழிலாளர்கள் நிறைய. கூலிக்காகவும் நடத்தும் விதத்துக்காகவும் 1920-லும் 1922-லும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டாவது வேலைநிறுத்தம் நடந்தபோது கம்பெனியின் மேலாளர்களில் வில்சனும் ஒருவர்.

எண்ணெய்க் கம்பெனியில் எப்படி இருந்தார்?

1921-இல் ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனியின் மத்தியக் கிழக்கு மேலாளராக முகமராவுக்கே திரும்பினார். அந்த ஆண்டு மார்ச்சில் சர்ச்சில் கூட்டிய கெய்ரோ மாநாட்டிலும் வந்து உட்கார்ந்தார், இந்த முறை கம்பெனியின் ஆளாக. தனக்குப் பிடிக்காத ஃபைசலை மன்னராக்கும் முடிவு அங்கேதான் எடுக்கப்பட்டது. அரசு வேலையில் இருந்து இறங்கியவர் அடுத்த வாசல் வழியாக அதே அறைக்குள் வந்துவிட்டார் பாருங்கள்.

1926-இல் லண்டன் அலுவலகத்துக்கு மாறினார். 1932-இல் வேலையை விட்டார். வியாபாரியாக அவரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நிறைய எழுத அவகாசம் கிடைத்தது. வளைகுடாவின் வரலாறு, ஈராக் போர்க்கால நினைவுகள் இரண்டு பாகம், சூயஸ் கால்வாய் பற்றி ஒன்று என வரிசையாக வந்தன.

நாடாளுமன்றத்துக்கு எப்படி வந்தார்?

இடைத்தேர்தல் வழியாக. ஹிட்சின், லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் உள்ள தொகுதி. அதன் இளம் எம்.பி. நெப்வொர்த் பிரபு 1933 மே மாதம் விமான விபத்தில் இறந்தார். இந்த நெப்வொர்த்தின் தாத்தா லிட்டன் பிரபுதான், நம்மூர்ப் பாட்டிமார் சொன்ன தாது வருஷப் பஞ்சத்தின்போது இந்தியாவின் வைஸ்ராய். அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருக்க, டில்லியில் தர்பார் நடத்தியவர் என்று வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது.

ஜூன் மாதம் நடந்த இடைத்தேர்தலில் வில்சன் ஜெயித்தார். 1935 பொதுத்தேர்தலிலும் தொகுதியைத் தக்கவைத்தார்.

பின்வரிசையில் இருந்து என்ன சாதித்தார்?

முதலில் ஊர் சுற்றினார். ரயிலிலும் நடையிலும் போய், சுரங்கத் தொழிலாளி, கடைக்காரர், வேலையில்லாதவர் என்று கண்டவரிடம் பேசி, அவர்கள் சொன்னதை எழுதி வெளியிட்டார். பாக்தாத்தில் மக்கள் வாயில் தன் பதிலைத் திணித்தவர், இங்கே அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்தார். உத்தரவு போடும் அதிகாரம் போனதால் கேட்கும் பழக்கம் வந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் பிடித்துக்கொண்ட விஷயம் யாரும் எதிர்பாராதது: ஏழைகளின் சாவுச்செலவு. அன்றைய இங்கிலாந்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு பெரிய பயம் உண்டு. வீட்டில் சாவு விழுந்து, அடக்கம் பண்ணக் காசில்லாமல், அரசுச் செலவில் அநாதையாகப் புதைக்கப்படுவோமோ என்ற பயம். அதைத் தவிர்க்க வாரம் ஒரு பென்னி, இரண்டு பென்னி என்று காப்பீடு கட்டினார்கள். ஏஜென்ட் வாராவாரம் வீடு தேடி வருவார், கதவைத் தட்டுவார், காசை வாங்கிக்கொண்டு புத்தகத்தில் குறித்துவிட்டுப் போவார். குழந்தை பிறந்த சில வாரத்திலேயே அதன் பேரிலும் ஒரு பாலிசி.

இதில் எங்கே கோளாறு? ஏஜென்டின் கமிஷன், வசூல் செலவு, அலுவலகச் செலவு என்று கட்டிய பிரீமியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வேலை போன மாதம் காசு கட்ட முடியாது. பாலிசி லாப்ஸ் ஆகிவிடும். அதுவரை கட்டியதில் பெரும்பாலும் ஒரு பைசா திரும்பாது. லட்சக்கணக்கான பாலிசிகள் இப்படி ஆண்டுதோறும் செத்தன. கம்பெனிகள் நன்றாக வளர்ந்தன.

இதை ஹெர்மன் லெவி என்ற பொருளியல் பேராசிரியரோடு சேர்ந்து கணக்குகளைத் துருவி 1937-இல் பெரிய நூலாகப் போட்டார். அடுத்த ஆண்டு அடக்கச் செலவு பற்றி இன்னொன்று. பிறகு, வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு நட்டஈடு தரும் சட்டம் எப்படி ஏமாற்றாக இருக்கிறது என்று இரண்டு பாகம். இரண்டாம் பாகம் அவர் இறந்தபிறகு வந்தது. முதலாளிமார் கட்சியின் எம்.பி. ஒருவர், எண்ணெய்க் கம்பெனி மேலாளராக இருந்தவர், காப்பீட்டுத் தொழிலை லாபக் கம்பெனிகளிடம் விடக்கூடாது என்று எழுதினால் கட்சிக்காரர்கள் எப்படி நெளிந்திருப்பார்கள்!

1942-இல் வந்த பெவரிட்ஜ் அறிக்கைதான் பிரிட்டனின் சமூகநல அரசுக்கு அடித்தளம். சாவுச்செலவுக்கான உதவியை எல்லோருக்குமான காப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும் என்று அது சொன்னது. வில்சனும் லெவியும் தோண்டி எடுத்த விவரங்கள் அந்த விவாதத்துக்குத் தீனி போட்டன. 1949-இல் 20 பவுண்டு இறப்பு உதவித்தொகை நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் 1946-இல் புதிய தொழிற்காயக் காப்பீட்டுக்கு வழிவிட்டது. எதையும் வில்சன் பார்க்கவில்லை.

அவர் ஹிட்லர் ஆதரவாளர் என்கிறார்களே?

1930-களில் அவர் ஜெர்மனியையும் இத்தாலியையும் புகழ்ந்து பேசினார், எழுதினார். ஜெர்மனிக்குப் போய் ஹிட்லரைச் சந்தித்தும் வந்தார். ஒழுங்கு, உழைப்பு, இளைஞர் கட்டுப்பாடு என்று அவர் கண்ணில் பட்டதெல்லாம் அதுதான். போர் வராமல் இருக்க ஹிட்லரோடு ஒத்துப்போக வேண்டும் என்ற அணியில் நின்றார். இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. பாக்தாத்தில் இருந்த அதே குணம்தான்: வேலை நடக்கிறதா என்று பார்ப்பார், அது யார் முதுகின் மேல் நடக்கிறது என்று பார்க்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவரோடு சேர்ந்து அந்த நூல்களை எழுதிய ஹெர்மன் லெவி, நாஜி ஆட்சியால் பெர்லினில் பதவியிழந்து இங்கிலாந்துக்கு வந்த யூத வம்சாவளியினர். அந்த ஆட்சியின் பலியாளோடு சேர்ந்து எழுதிக்கொண்டே, அந்த ஆட்சியில் நல்லதைத் தேட அவரால் முடிந்தது. எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

55 வயதில் விமானப்படையில் எப்படிச் சேர்ந்தார்?

போர் அறிவித்ததும் தன் நிலைப்பாடு பொய்த்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 1939 அக்டோபரில் விமானப்படையின் தன்னார்வப் பிரிவில் சேர்ந்தார். லட்சக்கணக்கான இளைஞர்களின் உடல்களை மதிலாக வைத்து அதன் பின்னால் பத்திரமாக வாழ எனக்கு விருப்பமில்லை என்று தொகுதி மக்களிடம் சொன்னார். ராணுவத்தில் லெப்டினென்ட் கர்னலாக இருந்தவர், சர் பட்டம் பெற்றவர், விமானப்படையில் அடிமட்ட அதிகாரியான பைலட் ஆபீசர் ஆனார். பயிற்சி முடித்து, நார்ஃபோக்கில் ஃபெல்ட்வெல் தளத்தில் இருந்த 37-ஆவது ஸ்குவாட்ரனில் வெலிங்டன் என்ற குண்டுவீச்சு விமானத்துக்குப் பீரங்கியாளராகப் போனார். எம்.பி. பதவியும் கூடவே இருந்தது.

வெலிங்டனின் வால்பகுதி பீரங்கிக் கூண்டில் ஓர் ஆள் உட்காரத்தான் இடம். முன்னால் கண்ணாடி, இரண்டு பிரவுனிங் துப்பாக்கி. பாரசூட் கூண்டுக்குள் அடங்காது. பின்னால் விமானத்தின் உடம்புக்குள் மாட்டியிருக்கும். குதிக்க வேண்டி வந்தால் கதவைத் திறந்து, கையை நீட்டி எடுத்து, மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் குதிக்க முடியும். இரவு வானத்தின் குளிரில் மணிக்கணக்கில் அதில் அசையாமல் இருக்க வேண்டும். இருபது வயதுப் பையன்களுக்கே உடம்பு விறைத்துப்போகும் வேலை அது.

எப்படி இறந்தார்?

1940 மே 31. டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கப்பலேறிக்கொண்டிருந்தன. ஜூன் 4 வரை 3,38,000 பேர் தப்பினார்கள். நெருங்கிவந்த ஜெர்மன் படைகளின் மேல் குண்டுவீசப் போன விமானங்களில் வில்சனுடைய வெலிங்டனும் ஒன்று. டன்கர்க்குக்குத் தெற்கே எரிங்கெம் கிராமத்தருகே அது விழுந்தது. அந்த ஊர் தேவாலயக் கல்லறையில்தான் அவரைப் புதைத்திருக்கிறார்கள்.

இப்படி இறந்ததால் முன்பு செய்ததெல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. ஆங்கிலத்தில் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அந்தக் கடைசி ஏழு மாதத்திலிருந்து தொடங்கி, பின்னோக்கிப் போய் எல்லாவற்றுக்கும் வெள்ளையடிக்கிறார்கள். ருமைதாவில் ஊர் எரிந்தவர்களுக்கு வெலிங்டன் விமானத்தால் ஒரு பயனும் இல்லை. அதே நேரம், ஹிட்லரைப் புகழ்ந்த பின்வரிசை எம்.பி.க்கள் எத்தனையோ பேர். தான் சொன்னது தவறிப்போனதற்குத் தன் உடம்பைக் கொடுத்தவர்கள் அவர்களில் மிகக் குறைவு. இரண்டையும் தனித்தனியாகவே வைத்துப் பார்க்கலாம், கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை.

அவர் எழுதியதில் எதை முதலில் படிக்கலாம்?

தென்மேற்குப் பாரசீக நாட்குறிப்பை. 1907-இலிருந்து 1914 வரையிலான குறிப்புகள், 1941-இல் வெளிவந்தது. எண்ணெய் பீறிட்ட விடியலும், பக்தியாரிகளோடு பேரம் பேசியதும், கம்பெனியின் கஞ்சத்தனத்தைப் பார்த்து இளம் லெப்டினென்ட் பொருமுவதும் அதில்தான் இருக்கின்றன. ஈராக் பற்றிய இரண்டு பாகங்களைப் படிக்கும்போது பெல்லின் கடிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிகழ்ச்சி இரண்டு விதமாக வரும். காப்பீட்டு நூல் அட்டவணை நிறைந்தது, ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும்.

ஹிட்சின் தொகுதி அப்புறம் என்ன ஆனது?

1941 இடைத்தேர்தலில் சீமர் பெர்ரி என்ற கன்சர்வேட்டிவ் வந்தார். 1945 பொதுத்தேர்தலில் லேபர் கட்சியின் பிலிப் ஆஸ்டர்லி ஜோன்ஸ் அதைப் பிடித்தார். சாவுச்செலவு உதவியையும் தொழிற்காயக் காப்பீட்டையும் சட்டமாக்கிய லேபர் பிரதமர் ஆட்லியின் அரசுக்கு ஹிட்சினிலிருந்து போன ஓட்டு அவருடையது.